ஏழு சாவுக்கு ஒரு பூசணிக்காய்

என் மகள் அனுப்பிரியா அன்று சிரித்த சிரிப்பில் வாயில் வைத்த சோறு புரையேறிவிட்டது. தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு மறுபடியும் சிரிக்கிறாள். விருதுநகரில் விடுதியில் தங்கிக் கல்லூரியில் படிக்கிறவள். சனிக்கிழமை வீட்டுக்கு வந்தால் அம்மாவிடம் நாலு வார்த்தை பேசுவோம் என்று கிடையாது. போனும் அவளுமாகத்தான் இருப்பாள்.

"அப்படி என்னத்தடி பாக்க? சொல்லிட்டுச் சிரி."

"எம்மா, இந்தப் படத்தப் பாரேன். 'கந்தக வேங்கை'னு பேரு. நம்ம பக்கத்துலதான் எடுத்துருக்காங்க. மொக்கைன்னா மொக்க, அப்படி ஒரு மொக்க. எங்க காலேஜே இதத்தான் பாக்குது."

பெயரைக் கேட்டதுமே தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தேன். அவள் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இந்த அடியாளப் பாரு. மொதல்ல கத்திக்குத்துல சாவாரு. அடுத்த சீன்ல வேற சட்டையப் போட்டுட்டு வந்து துப்பாக்கியில சாவாரு. அப்புறம் விக்கு வச்சுக்கிட்டு வந்து கெணத்துல விழுந்து சாவாரு. மொத்தம் ஏளு தடவ! நாங்க இவருக்கு ஏளு உசுரு அண்ணன்னு பேரு வச்சிருக்கோம்."

அவள் அண்ணன் என்று சொன்ன ஆள் அவளைப் பெற்ற அப்பா. என் வீட்டுக்காரர் ராக்கப்பன்.

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. அவர் போகும்போது அவளுக்கு மூன்று வயது. சுவரில் மாட்டியிருப்பது பட்டாசுக் கம்பெனி அடையாள அட்டைக்கு எடுத்த போட்டோவைப் பெரிதாக்கியது. சிரித்தால் அபராதம் என்று யாரோ மிரட்டியது போல முறைத்துக்கொண்டு நிற்பார். படத்திலோ கறுப்புக் கண்ணாடி, தோள் வரைக்கும் விக்கு, கன்னத்தில் மையால் வரைந்த வெட்டுத் தழும்பு. பெற்ற தாயே வந்தாலும் அடையாளம் தெரியாது. எனக்குத் தெரிந்தது, அவர் போட்டிருந்த சட்டையை வைத்துத்தான். நான் துவைத்த சட்டை அது.

"நல்லாத்தான் இருக்கு. சோத்தத் தின்னு" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டேன். போய் என்ன செய்தேன்? கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவினேன்.

அந்தப் படம் வந்த கதை இதுதான். நானும் அவரும் வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனி முதலாளியின் மச்சினர் மகேஷ்குமாருக்கு நாற்பத்திரண்டு வயதில் கதாநாயகனாகும் ஆசை வந்தது. வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டியில் விட்டுக்கொண்ட கதையாக முதலாளியும் சரி என்றுவிட்டார். தீபாவளி முடிந்து கம்பெனி அடைத்திருந்த நேரம். சண்டைக்காரர்களை வெளியூரிலிருந்து கூட்டிவருவதற்குப் பதிலாக, வேலையில்லாமல் சும்மா இருந்த எங்கள் ஆட்களில் ஐந்து பேரை அடியாட்களாக நிறுத்தினார்கள். படத்தில் செத்துப்போகிறவர்கள் முப்பத்தைந்து பேர். ஐந்து பேரும் ஆளுக்கு ஏழு தரம் செத்தார்கள். சட்டையெல்லாம் அவரவர் வீட்டுச் சட்டைதான்.

எனக்கு ஆத்திரமான ஆத்திரம். சினிமாவில் பிணமாக நடிக்கிறவன் எழுந்ததும் பூசணிக்காய் சுற்றி உடைத்துத் திருஷ்டி கழிப்பார்கள். இவர்களோ மொத்தப் படத்துக்கும் ஒரே ஒரு பூசணிக்காயை, அதுவும் கடைசி நாளன்று உடைத்திருக்கிறார்கள்.

"ஏளு சாவுக்கு ஒரு பூசணிக்காயா? என்னங்க, வெளங்குமா இது? வீட்டுல பச்சப் பிள்ள இருக்கு. பொணமா நடிக்காதீகன்னு எத்தன தடவ சொன்னேன்?"

"ஏ புள்ள, அஞ்சு பேருக்கும் சேத்துச் சுத்துனா முப்பத்தஞ்சு சாவுக்கு ஒண்ணு. நீ என்னமோ ஏளுக்குக் கெடச்சுச்சுன்னு சொல்லுத" என்று சொல்லி அந்த மனிதர் சிரித்தார். அவரோடு சண்டை போட்டால் இதுதான் தொல்லை, கடைசியில் நாமும் சிரிக்க வேண்டியிருக்கும்.

கடைசிச் சண்டை ஒரு பழைய குடோனில். உள்ளே அடியாட்கள் செத்துக் கிடப்பார்கள். கதாநாயகன் திரும்பிப் பார்க்காமல் மெதுவாக நடந்து வருவார். அவருக்குப் பின்னால் குடோன் வெடிக்கும். வெடிக்க வைப்பதற்கு ஒரே ஒரு லோடு பட்டாசுதான் கொடுத்திருந்தார் முதலாளி. திரியில் நெருப்பு வைத்தார்கள். எங்கள் ஆட்கள் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கேட்ட பாடம் ஒன்றுதான்: பொறி கண்டால் திரும்பிப் பார்க்காமல் ஓடு. கம்பெனியில் ஒவ்வொரு அறைக்கும் நாலு வாசல் வைத்திருப்பதே அதற்குத்தான். திரி சீறின சத்தம் காதில் விழுந்ததும் செத்துக் கிடந்த பிணமெல்லாம் எழுந்து ஒரே ஓட்டம். மகேஷ்குமார் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மெதுவாக நடக்கிறார், நாலு பிணம் அவரை முந்திக்கொண்டு ஓடுகிறது!

நாலுதான் ஓடியது. ஐந்தாவது ஆள் மணிமுத்து, செத்துக் கிடக்கச் சொன்னதும் நிஜமாகவே தூங்கிப்போனான். வாசலுக்கு வந்த ராக்கப்பன் அதைக் கவனித்துத் திரும்பவும் உள்ளே ஓடி, அவன் இரண்டு காலையும் பிடித்துத் தரதரவென்று வெளியே இழுத்து வருவார். இழுக்கிற வேகத்தில் இவருடைய விக்கு கழன்று விழும். அப்புறம்தான் வெடிக்கும். இன்னொரு லோடுக்கு வழியில்லாததால் அதையே படத்தில் வைத்துவிட்டார்கள். படம் மூன்று நாள் ஓடியது.

அடுத்த வருடம், ஆர்டர் குவிந்து சீசன் சூடு பிடித்திருந்த ஒரு காலையில் கம்பெனியில் நிஜமாகவே வெடித்துத் தீப்பிடித்தது. நான் அன்று வேலைக்குப் போகவில்லை. ராக்கப்பன் வெளியே ஓடி வந்துவிட்டார். வேப்பமரத்தடியில் நின்றதை என்னோடு வேலை பார்த்தவர்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். உடம்பில் ஒரு சிராய்ப்புக்கூட இல்லை. நின்று, யார் யார் வந்தது என்று பார்த்திருக்கிறார். மணிமுத்தைக் காணோம். திரும்பி உள்ளே போனார். அவர் வெளியே வருவதற்குள் இரண்டாவது வெடி வெடித்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், அவர் ஆசையாக வாங்கி வைத்திருந்த அந்தப் படத்தின் சிடியை அம்மிக்கல்லால் நொறுக்கினேன். அந்தப் பீடைதான் அவரைக் கொண்டுபோனது என்று நினைத்தேன். பட்டாசு வேலையை விட்டுவிட்டுச் சிவகாசியில் காலண்டர் மேல்விளிம்பில் தகரத் தகடு அடிக்கிற வேலைக்குப் போனேன். மகளிடம் விபத்து என்று மட்டும் சொல்லி வளர்த்தேன். மூன்று வயதுப் பிள்ளையை மறந்து அடுத்தவனுக்காகத் திரும்பிப் போனார் உன் அப்பா என்று எந்த வாயால் சொல்வது? பதினாறு வருடமாக எனக்கு அவர்மேல் கோபம். செத்தவர்மேல் கோபப்படுகிறவளை யாராவது பார்த்திருக்கிறீர்களா? நான் இருக்கிறேன்.

சாப்பிட்டு முடித்தும் அனுப்பிரியா போனை விடவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"இத்தன நல்ல படம் இருக்கையில இந்தக் கூறுகெட்ட படத்தப் போயி எதுக்குடி பாக்கீக?"

"நல்ல படத்துல எல்லாரும் நல்லா நடிக்காங்கம்மா. இதுல யாருக்கும் நடிக்கத் தெரியல. அதனால நிசமா இருக்காங்க. இந்த அண்ணனப் பாரேன், சாகும்போதுகூட சட்ட அளுக்காயிரும்னு சுத்தமான எடமாப் பாத்து விழுதாரு. வீட்டுல யாரோ வையுவாங்க போல."

வைதவள் நான்தான். சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் முகத்தைப் பார்த்தேன். விவரம் தெரிந்ததிலிருந்து அப்பா என்ற பேச்சு வந்தாலே இந்த வீட்டில் மாலையும் ஊதுவத்தியும் அழுகையும்தான். இன்றுதான் முதல்முறையாக அவரைப் பார்த்துச் சிரிக்கிறாள், அவர் என்று தெரியாமலே. இவர்தான் என்று சொன்ன அடுத்த நிமிடம் இதுவும் சாவு வீடாகிவிடும். அவருடைய சேட்டையில் இவளுக்குக் கிடைத்தது இந்தச் சிரிப்பு ஒன்றுதான், அதை நான் பிடுங்கக் கூடாது என்று முடிவு செய்தேன்.

"மறு ஞாயித்துக்கெளம காலைல விருதுநகர் தியேட்டர்ல இதப் போடுதாங்கம்மா. பசங்க எல்லாம் சேந்து ஏற்பாடு பண்ணிருக்காங்க. நீயும் வாயேன். நீ வாய்விட்டுச் சிரிச்சு நான் பாத்ததே இல்ல."

வருகிறேன் என்றேன். அவரைப் பெரிதாகப் பார்க்க எனக்கும் ஆசை இருக்காதா?

தியேட்டரில் கூட்டமான கூட்டம். எல்லாம் இளசுகள். காகிதத்தைக் கிழித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். என் வயதில் நான் ஒருத்திதான். ராக்கப்பன் கத்திக்குத்து வாங்கி விழுந்ததும் தியேட்டரே "ஒண்ணு!" என்று கத்தியது. சட்டை மாற்றிக்கொண்டு வந்தபோது விசில் காதைப் பிளந்தது. "ரெண்டு!" கிணற்றில் விழுகிறவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு குதித்தார். "மூணு!" சத்தியமாகச் சொல்கிறேன், அதற்கு நானே சிரித்துவிட்டேன். அடக்க அடக்க வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அனுப்பிரியா என் தோளில் சாய்ந்து அவளும் சிரித்தாள். குடும்பமாக மூன்று பேரும் சேர்ந்து இருந்தது போலிருந்தது. கோபமெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை.

குடோன் வந்தது. பிணங்கள் எழுந்து ஓடின. கூட்டம் "ஓடு! ஓடு!" என்று நாற்காலிகளைத் தட்டியது. ராக்கப்பன் வாசலுக்கு வந்தார். வெளிச்சத்தில் நின்றார். தலையைத் திருப்பிப் பார்த்தார்.

"போகாதீக!"

கத்தியது நான்தான் என்று எனக்கே பிறகுதான் தெரிந்தது. எழுந்து நிற்கிறேன். "திரும்பிப் போகாதீக! அய்யோ, நான் சொல்லுதத ஒருக்காவாவது கேளுங்க! போகாதீக!"

பையன்கள் நான் கிண்டலுக்குக் கத்துகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. "போகாதீக! போகாதீக!" என்று தியேட்டர் முழுக்கக் கைதட்டிக் கத்தியது. அவர் யார் சொல்லியும் கேட்காமல் உள்ளே ஓடினார். நான் நாற்காலியில் விழுந்து அழுதேன்.

அனுப்பிரியா சிரிப்பை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். "எம்மா, என்னம்மா ஆச்சு? யாரும்மா அது?"

சொல்லக் கூடாது என்றுதான் வந்தேன். முடியவில்லை.

"உங்கப்பாடி."

அவள் திரையைப் பார்த்தாள். விக்கு இல்லாமல், மணிமுத்தை இழுத்துக்கொண்டு, பல் தெரிய இளித்தபடி அவர் வெளியே வந்துகொண்டிருந்தார். அவள் கையிலிருந்த காகிதத் துண்டுகள் மடியில் கொட்டின. மகளே, உன் சிரிப்பை நானே கெடுத்துவிட்டேனே என்று என் மனம் அடித்துக்கொண்டது.

"அப்போ நிசத்துலயும்…" என்றாள்.

"தப்பிச்சு வெளிய வந்துட்டாருடி. மணிமுத்தக் காணும்னு திரும்பிப் போனாரு. ஒன்னய நெனச்சுப் பாக்காமப் போயிட்டாருன்னு எனக்குக் கோவம். அதான் ஒங்கிட்டச் சொல்லல."

கூட்டம் "ஒன்ஸ்மோர்" கேட்டு விடவில்லை. விளக்கைப் போட்டு, அணைத்து, அந்தக் கட்டத்தையே மறுபடியும் போட்டார்கள். மறுபடியும் திரும்பிப் போனார். எங்களைச் சுற்றி எல்லோரும் "போகாதீக" என்று கத்திச் சிரித்தார்கள். அனுப்பிரியா அழவில்லை. முன்னால் நகர்ந்து உட்கார்ந்து, கண்ணிமைக்காமல் பார்த்தாள். அவர் வெளியே வந்ததும்தான் என் பக்கம் திரும்பினாள்.

"அன்னைக்கு எம்புட்டு தூரம் வந்தாரும்மா?"

பதினாறு வருடத்தில் இதை என்னிடம் யாரும் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. அவர் திரும்பிப் போனது ஒன்றுதான் எனக்குக் கணக்கு. தீ அணைந்தபின் அவரையும் மணிமுத்தையும் எந்த இடத்தில் கண்டெடுத்தார்கள் என்பதும் எனக்குச் சொன்னதுதான், நான்தான் நினைக்காமல் இருந்தேன்.

"வாசல் வரைக்கும் வந்துட்டாருடி" என்றேன். "மணிமுத்தத் தோளுல போட்டுக்கிட்டு, வாசல் வரைக்கும் வந்துட்டாரு."