முதல் நாற்காலியும் இருநூறு குஞ்சங்களும்

நூலகத்தில் அவளுக்கு வைத்திருந்த பட்டப்பெயர் ‘எனக்குத்தெரியும் அக்கா’. எதைக் கேட்டாலும் முதலில் அந்த வார்த்தைதான் வரும். விஷயம் பிறகு வரும், சில சமயம் வராமலும் போகும். வாசகர்கள் திருப்பிக் கொடுத்த புத்தகங்களை அலமாரியில் அதனதன் இடத்தில் அடுக்குவது அவள் வேலை. பதினாறு வருடமாக அடுக்குகிறாள். கண்ணைக் கட்டி விட்டாலும் சமையல் புத்தகத்தைக் கொண்டுபோய்ச் சட்டப் புத்தகத்துக்குப் பக்கத்தில் வைக்க மாட்டாள். அந்தத் தைரியம் மற்ற வேலைகளுக்கும் பரவிவிட்டது, அவ்வளவுதான்.

ஒருநாள் நூலகர் மேஜைமேல் ஒரு தட்டை வைத்து, அந்த வாரம் புத்தகங்களுக்குள்ளிருந்து எடுத்ததையெல்லாம் அதில் கொட்டியிருந்தார். பஸ் டிக்கெட், மருந்துச் சீட்டு, கொண்டை ஊசி, பிஸ்கட் உறை, பல் உடைந்த சீப்பு ஒன்று.

“படிச்ச பக்கத்துக்கு அடையாளமா சீப்பையா வைப்பாங்க?” என்றார் நூலகர். “இதாவது பரவால்ல. பாதிப் பேரு பக்கத்து மூலையையே மடிச்சு வச்சுடறாங்க. வாசிப்பு வாரத்துல ஆளுக்கொரு புக்மார்க் குடுக்கலாம்னு பாத்தேன். அச்சகத்துல ஒரு மாசம் ஆகும்ங்கறாங்க.”

“எனக்குத் தெரியும் சார். வீட்டுலயே பண்ணிடலாம். எத்தனை வேணும்?”

“இருநூறு.”

“பத்து நாள்ல தர்றேன்.”

அவள் அதுவரை ஒரு புக்மார்க்கைக்கூடச் செய்ததில்லை. ஆனால் அதைப் போய் நூலகரிடம் சொல்லிக்கொண்டிருப்பாளா?

வீட்டில் அவளுக்கு வேறு ஒரு கவலை இருந்தது. அவள் கணவர் சலூன்காரர். இரண்டு நாற்காலி போட்ட கடை. வாசலையொட்டிப் பெரிய கண்ணாடிக்கு முன்னால் இருக்கும் முதல் நாற்காலி அவருடையது. இரண்டாவதில் அவளுடைய தம்பி வேலை செய்கிறான். யாராவது “எப்படிப் போகுது?” என்று கேட்டால் “தலைக்கு மேல வேலை” என்பார் சலூன்காரர். அவர் தொழிலில் அது பொய்யும் இல்லை. இருபத்திரண்டு வருடமாக ஒரே நகைச்சுவை. அதற்கு ஒரே ஆளாக அவரே சிரித்துக்கொள்வார்.

மூன்று மாதத்துக்கு முன்னால் அந்தப் பெரிய கண்ணாடியை மாற்றும்போது கை நழுவி, வலது கட்டைவிரலின் அடியில் ஆழமாகக் கிழித்துவிட்டது. தையல் போட்டுப் பிரித்தாயிற்று. டாக்டர் விரலை இழுத்துப் பார்த்து, “நல்லா ஆறிடுச்சு. இனி வேலை செய்யச் செய்யத்தான் இறுக்கம் விடும்” என்று அனுப்பிவிட்டார். கடைக்குத் திரும்பிப் போன முதல் நாள் முதல் நாற்காலியில் உட்கார்ந்தவர் கணக்கு வாத்தியார். இடது பக்கம் முடிந்து, வலது காதுக்குப் பக்கத்தில் வரும்போது கட்டைவிரல் பிடித்துக்கொண்டது. காது நுனியில் ஒரு வெட்டு. வாத்தியார் ஒரு வார்த்தை பேசவில்லை. மீதியை அவள் தம்பி முடித்துக் கொடுத்தான்.

பேசாமல் போனதுதான் வினையாயிற்று. திட்டியிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். அதன்பின் வந்தவர்கள் எல்லோரும் முதல் நாற்காலி காலியாக இருப்பதைப் பார்ப்பார்கள், “பரவால்ல, தம்பி வரட்டும், அவசரமில்ல” என்று பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார்கள். சலூன்காரர் துண்டு மடித்துக்கொண்டிருந்தார். மடித்த துண்டையே பிரித்து மறுபடியும் மடித்தார்.

“இந்த மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை மச்சானை மொத நாற்காலிக்கு மாத்திடறேன்” என்றார் ஒருநாள் சாப்பிடும்போது. “காலி நாற்காலி வாசல்ல இருந்தா பாக்க நல்லாயில்ல.”

“அது நடக்காது. எனக்குத் தெரியும்” என்றாள் அவள். அவருக்கு அந்த நாற்காலி போனால் பாதி உயிர் போன மாதிரிதான். அதுவும் அவளுக்குத் தெரியும்.

புக்மார்க் வேலைக்கு நூலகத்தில் தேதி முடிந்து கிடந்த காலண்டர் தாள்களைச் சுருட்டிக்கொண்டு வந்தாள். நல்ல தடித்த தாள். ஒரு சாண் நீளம், இரண்டு விரல் அகலம் என்று கோடு போட்டு வெட்டி, படம் போட்ட பக்கம் உள்ளே போகும்படி இரண்டிரண்டாக ஒட்டினாள். முதல் நாள் பசை அதிகமாகி எல்லாம் செய்தித்தாளோடு ஒட்டிக்கொண்டது. இரண்டாம் நாள் பசையை விரலால் தொட்டுத் தேய்த்து, மேலே இரண்டு அம்மிக்கல் கனத்துக்கு அகராதிகளை ஏற்றி வைத்தாள். காலையில் எடுத்தபோது அட்டை மாதிரி விறைப்பாக வந்தது. மேலே ஒரு துளை போட்டுச் சிவப்பு நூல் கோத்தாள். கீழே ஒரு விரல்கடை உயரத்துக்குப் பொடிப்பொடியாக வெட்டிக் குஞ்சம் விட வேண்டும். அங்கேதான் மாட்டிக்கொண்டாள்.

அவள் கையிலிருந்தது பால் பாக்கெட் வெட்டுகிற கத்தரி.

“என்னது இது, எலி கடிச்சுதா?” என்றார் சலூன்காரர், எட்டிப் பார்த்து.

“கத்தரி சரியில்ல.”

“அலமாரியில என் கத்தரி இருக்கு, எடுத்துக்கோ. இனிமே அது காகிதம் வெட்டத்தான் லாயக்கு.” சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே நடந்துவிட்டார்.

இருபத்திரண்டு வருடம் சலூன்காரரோடு குடித்தனம் நடத்தியவளுக்கு முடி வெட்டும் கத்தரி என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காகிதம் பட்டால் அதன் கூர் செத்துவிடும். அவள் தம்பி தொழில் பழக வந்த முதல் வாரத்தில் தெரியாமல் அதைக்கொண்டு செய்தித்தாளை வெட்டிவிட்டான். மூன்று நாள் அவனோடு பேச்சுவார்த்தையே இல்லை. அப்படிப்பட்ட மனுஷன் தானே வாயைத் திறந்து எடுத்துக்கொள் என்கிறார்.

அவள் அலமாரிக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இவர் தன் வாயால் பிழைத்தால் என்ன என்று தோன்றியது. எண்ணெய்த் துணியைப் பிரித்தாள். கத்தரியை எடுக்கும்போது கை கூசத்தான் செய்தது. எடுத்து, உட்கார்ந்து, காகிதத்தை வெட்டினாள். ஒன்று, இரண்டு, பத்து, இருபது.

திரும்பி வந்த சலூன்காரருக்குப் படியேறும்போதே அந்தச் சத்தம் கேட்டுவிட்டது. செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார்.

“ஏய், என்ன பண்ணிட்டிருக்க!”

“நீங்கதானே எடுத்துக்கச் சொன்னீங்க?”

“சொன்னா? சொன்னா எடுத்துடுவியா? எத்தனை வருஷமா கூட இருக்க? அது முடி வெட்டுற கத்தரிடி!”

“அப்படியா?” என்றாள். பிடி அவர் பக்கம் இருக்கும்படி கத்தரியை நீட்டினாள். “முடி வெட்டுற கத்தரியா? அப்ப முடி வெட்டுங்க.”

அவர் வெடுக்கென்று வாங்கினார். வாங்கிய வேகத்தில் மோதிர விரல் ஒரு வளையத்துக்குள்ளும் கட்டைவிரல் மற்றதற்குள்ளும் தானாகப் போய் உட்கார்ந்தன. வெளிச்சத்தில் பிடித்து, திறந்து, மூடி, விளிம்பைப் பார்த்தார். மறுபடி திறந்து மூடினார். காது வெட்டுப்பட்ட நாளுக்குப் பிறகு அவர் அதைத் தொட்டது அப்போதுதான்.

“கூர் போச்சு” என்றார். விளிம்பை வேட்டி நுனியால் துடைத்தார்.

அவளுக்கு அழுகை வந்தது. அழுகை வந்தால் அவள் அதட்டுவாள். “போனா சாணை புடிச்சுக்கலாம். செருப்போட நடுவீட்டுல நிக்காதீங்க!”

மறுநாள் அவரே போய்ச் சாணைக்குக் கொடுத்தார். வரும்போது கடையில் ஒதுக்கிப் போட்டிருந்த பழைய கத்தரி ஒன்றைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். “காகிதத்துக்கு இது. நீ எட்டப் போ. குஞ்சம்னா எல்லாம் ஒரே உயரமா நிக்கணும். நீ பண்ணது தலைவாராத குஞ்சம்.”

அவர் உட்கார்ந்து வெட்டத் தொடங்கினார். கத்தரி பிடித்தால் நான்கு விரல் அசையாது, கட்டைவிரல் மட்டும்தான் அசையும் என்பதை அவள் அப்போதுதான் கவனித்துப் பார்த்தாள். முதல் பத்துப் புக்மார்க் சீட்டில் விரல் நடுவில் பிடித்துக்கொண்டு, வெட்டு ஆழமாகப் போய், குஞ்சம் கையோடு வந்துவிட்டது. அவர் கத்தரியை வைத்துவிட்டு விரலை நீவிக்கொண்டார். அவள் அடுத்த சீட்டை எடுத்து வைத்தாள். மூன்றாம் நாள் மாலை அவர் சீப்பை எடுத்துச் சீட்டின்மேல் வைத்து, பல்லுக்குப் பல் கணக்காக வெட்டத் தொடங்கினார். அதன்பிறகு வந்த குஞ்சங்களை ஊதினால் பறக்கும், அத்தனை மெல்லிசு. ஆள் மாறிவிட்டார். பசை தண்ணியாக இருக்கிறது, நூல் நீளம் போதாது, துளை நடுவில் இல்லை என்று அவளை ஓட ஓட விரட்டினார். திட்டு வாங்க அவளுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

ஒன்பதாம் நாள் இருநூற்று எட்டுச் சீட்டுகள் நூலகத்துக்குப் போயின. எட்டு கொசுறு.

வாசிப்பு வாரத்தின் முதல் நாளே கணக்கு வாத்தியார் வந்தார். ஒரு சீட்டை எடுத்துக் குஞ்சத்தை விரலால் நீவிப் பார்த்தார்.

“மெஷின்ல வெட்டினதாம்மா?”

“கையில வெட்டினது சார். உங்க காதை வெட்டுச்சே, அதே கைதான்.”

சொன்னபிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். வாத்தியார் காதைத் தொட்டுப் பார்த்தார். சீட்டைப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு, அன்று மாதிரியே ஒன்றும் பேசாமல் போய்விட்டார். எல்லாம் தெரிந்தவளுக்கு வாயை எப்போது மூடுவது என்று மட்டும் தெரியவில்லையே என்று அன்று முழுக்கத் தன்னையே நொந்துகொண்டாள்.

மாதக் கடைசி ஞாயிறு வந்தது. சாணை பிடித்த கத்தரி கடைக்குப் போய்விட்டது. ஆனால் மேஜையில்தான் கிடந்தது. காலையில் கிளம்பும்போது, “சாயங்காலம் மச்சானை மாத்திடறேன்” என்றார் சலூன்காரர்.

“இருநூறு குஞ்சம் வெட்டினீங்களே!”

“காகிதத்துக்கு வலிக்காது” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவள் பின்னாலேயே போனாள். பெஞ்சில் நான்கு பேர். முதல் ஆளாகக் கணக்கு வாத்தியார், மடியில் நூலகப் புத்தகம். தம்பி இரண்டாவது நாற்காலியில் ஒருவருக்கு மெஷின் போட்டுக்கொண்டிருந்தான். சலூன்காரர் துண்டு மடித்துக்கொண்டிருந்தார். எத்தனையோ தடவை அவள் அந்தக் கடைக்கு வந்திருக்கிறாள்; வாசலைத் தாண்டியதில்லை. இன்று தாண்டினாள். நேரே போய் முதல் நாற்காலியில் உட்கார்ந்தாள். பெஞ்சில் செய்தித்தாள் எல்லாம் ஒரே நேரத்தில் இறங்கியது.

“முன்முடி கண்ணுல விழுது. வெட்டி விடுங்க.”

“எழுந்திரு” என்றார் அவர், பல்லைக் கடித்துக்கொண்டு மெல்ல. “கண்ணுகிட்டடி. விரல் புடிச்சுக்கிச்சுன்னா?”

“எனக்குத் தெரியாது” என்றாள்.

அவர் துண்டைக் கீழே வைத்துவிட்டார். அந்த வாயிலிருந்து அந்த வார்த்தையை அவர் கேட்டதே இல்லை.

“நிஜமாவே தெரியாது. ஆனா எழுந்திருக்க மாட்டேன்.” கண்ணை மூடிக்கொண்டாள்.

அவளுக்குப் பயம்தான், அதில் சந்தேகமே இல்லை. பிறகு கழுத்தைச் சுற்றித் துணி விழுந்தது. நெற்றியில் சீப்பு குளிர்ச்சியாகப் பட்டது. சக். ஒரு கொத்து முடி மூக்கில் விழுந்தது. சக், சக், சக். பக்கத்து நாற்காலியில் மெஷின் சத்தம் நின்றிருந்தது. தம்பி வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்கிறான் என்று கண்ணைத் திறக்காமலே புரிந்தது. எங்கேயும் பிடிக்காமல், ஒரே சீராக, இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரை கத்தரி போய்ச் சேர்ந்தது.

கண்ணைத் திறந்து கண்ணாடியில் பார்த்தாள். “இடது பக்கம் ஒரு நூல் ஏறியிருக்கு.”

“உன் புருவம் கோணல்.”

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!”

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. சலூன்காரரும் சிரித்தார். துணியை எடுத்து வாசலில் உதறிவிட்டு உள்ளே திரும்பினார். அதற்குள் கணக்கு வாத்தியார் குஞ்சம் வைத்த சீட்டைப் படித்த பக்கத்தில் வைத்துப் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்திருந்தார்.

“சார், அஞ்சே நிமிஷம், இதோ ஆச்சு” என்றான் தம்பி, பழக்கதோஷத்தில்.

“நீ உன் வேலையப் பாருப்பா.”

அவள் எழுந்து வழிவிட்டாள். வாத்தியார் முதல் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, தலையைத் திருப்பி வலது காதைக் காட்டினார்.

“அன்னைக்கு இங்கதான் விட்டீங்க. விட்ட எடத்துலேர்ந்து ஆரம்பிங்க.”

சலூன்காரர் துணியைப் போர்த்தி, கழுத்தில் முடிச்சிட்டு, கத்தரியை எடுத்தார். பெஞ்சில் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். அவள் வாசலில் நின்று மூக்கிலிருந்த முடியைத் தட்டிக்கொண்டே கேட்டாள்:

“மத்தியானம் சாப்பிட எத்தனை மணிக்கு வருவீங்க?”

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “போம்மா, தலைக்கு மேல வேலை இருக்கு.”