இன்னும் வராத எட்டு மணி

அலமாரிக்கு மேல் இருக்கும் லேப்டாப்புக்குத் திரை உடைந்து இரண்டு வருடம் ஆகிறது. மூடியபடியே ஓடிக்கொண்டிருக்கும். அதில் லினக்ஸ் போட்டது நான்தான். என் அக்கா ஃபிகிர்தெ எடுக்கும் கல்யாணப் படங்கள் எல்லாம் முன்னறை ஸ்டுடியோவிலிருந்து அதற்குள் வந்து சேரும். அதன் டிஸ்க் கொஞ்ச நாளாக டிக் டிக் என்கிறது. அதனால் ஸ்டுடியோவில் ரூட்டருக்குப் பக்கத்தில் இன்னொரு டிஸ்க் வைத்தோம். தினமும் அதற்கு ஒரு நகல் தானாகப் போக வேண்டும்.

ஏழு நாளாகப் போகவில்லை.

நேரம் சொன்னது அக்காதான், எட்டு மணி என்று. எங்கள் ஊரான பாஹிர் தாரில் மணி சூரியனோடு தொடங்கும். சூரியன் வந்து ஒரு மணி நேரமானால் ஒன்று. மூன்றுக்கு ஸ்டுடியோ திறக்கும், ஆறுக்கு மதியச் சாப்பாடு, எட்டுக்குக் காபி. காபி நேரத்தில் யாரும் படங்களைத் தொடமாட்டார்கள். சரியென்று லேப்டாப்பின் தினசரி வேலைப் பட்டியலில் எட்டு என்று எழுதிவிட்டேன்.

நானே கட்டளை கொடுத்தால் நகல் ஒழுங்காகப் போனது. தானாகத்தான் போகவில்லை. அக்காவோடு படம் எடுக்கும் அஸ்ரத்துக்கு இது வசதியாகிவிட்டது. "ஒன்பதாவதுல பள்ளிக்கூடத்த விட்டு ஓடினவ வளர்த்த பெட்டி, அதுவும் வேலைய விட்டு ஓடுது" என்றான். நான் ஓடவில்லை. வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான்.

அக்கா கோபமாகப் பேசவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"சனிக்கிழமைக்குள்ள சரி பண்ணு மெயாசா. இல்லைன்னா கடைத்தெருவுலேருந்து ஒரு ஆளப் பிடிச்சுக்கறேன். நீ கோந்தருக்குக் கிளம்பு. அத்தை ஓட்டல்ல தட்டு கழுவ ஆள் வேணுமாம்."

அத்தையின் ஓட்டலில் நூறு பேர் வந்து போவார்கள். நான் எழுதும் நோட்டுகளை ஒளித்து வைக்க அங்கே இடம் கிடையாது. இந்த வீட்டில் அவை மாவுப் பீப்பாய்க்குப் பின்னால் இருக்கின்றன.

லேப்டாப்பும் என்னைப் போலத்தான். யாரும் கேட்காமலே நடந்ததை எல்லாம் எழுதி வைக்கும். தினமும் சாயங்காலம் அந்தப் பதிவைக் கைபேசி வழியாகப் படித்தேன். ஒவ்வொரு நாளும் ஒரே வரி: எட்டு மணி, ஸ்டுடியோ டிஸ்க் கிடைக்கவில்லை.

புதன்கிழமை காபி வறுக்கும்போதே கைபேசியோடு ஸ்டுடியோ வாசலில் உட்கார்ந்துகொண்டேன். சுவர்க் கடிகாரத்தில் எட்டு அடித்தது. டிஸ்க்கின் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. லேப்டாப்பிலிருந்து அதைக் கூப்பிட்டுப் பார்த்தேன், நொடிக்கு நொடி பதில் வந்தது. ஆனால் சாயங்காலம் அதே வரி. கிடைக்கவில்லையாம்.

அது பொய் சொல்கிறதா, நான் பார்த்தது பொய்யா? வியாழக்கிழமை கேபிளை மாற்றினேன். டிஸ்க்குக்கு மாறாத முகவரி ஒன்று கொடுத்தேன். மறுபடியும் அதே வரி.

வெள்ளிக்கிழமை சாயங்காலம்வரை பொறுக்க முடியவில்லை. அக்கா ஸ்டுடியோவைத் திறந்து பிளக்குகளைச் செருகிக்கொண்டிருந்தபோதே பதிவைப் பார்த்தேன். அந்த வரி அங்கே இருந்தது. இன்றைய தேதியில். எட்டு மணி, கிடைக்கவில்லை.

காபிக் கொட்டை இன்னும் பைக்குள் இருந்தது. மணி மூன்றுதான். இன்னும் வராத எட்டு மணியைப் பற்றி லேப்டாப் எழுதி முடித்துவிட்டது.

பிறகு, ஏழு நாளாகக் கேட்காத ஒன்றைக் கேட்டேன்: இப்போது மணி என்ன?

ஒன்பது பன்னிரண்டு என்றது. சுவரில் மூன்று பன்னிரண்டு.

வெளிநாட்டுக்காரர்கள் நள்ளிரவிலிருந்து எண்ணுவது எனக்குத் தெரியாததில்லை. விமான டிக்கெட்டுகளில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஆனால் எட்டு என்று எழுதியபோது நான் காபியை நினைத்து எழுதியிருக்கிறேன். லேப்டாப்பின் எட்டு எங்களுக்கு இரண்டு. அப்போது ஸ்டுடியோ பூட்டியிருக்கும். போன மழைக்காலத்தில் இடி விழுந்து பழைய ரூட்டர் கருகியதிலிருந்து, அக்கா தினமும் பூட்டும்போது எல்லா பிளக்கையும் பிடுங்கிவிடுவாள். ஏழு நாளும் அது இருட்டறையைக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, உள்ளதை உள்ளபடி எழுதியிருக்கிறது.

எட்டை அழித்து, ஆறைக் கூட்டிப் பதினான்கு என்று எழுதினேன். யாரிடமும் சொல்லவில்லை.

காபி இரண்டாவது சுற்று ஊற்றும்போது பச்சை விளக்கு படபடவென்று மினுங்கத் தொடங்கியது. அஸ்ரத்தான் முதலில் பார்த்தான். யார் கை வைத்தது என்று கேட்டான். என் இரண்டு கையிலும் கோப்பைகள் இருந்தன.

அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "என்னடி பண்ணின?"

சொன்னேன். நாக்கு ஒட்டவில்லை. எட்டு என்று சொன்னது யார் என்பதை மட்டும் விட்டுவிட்டேன்.

"எட்டுன்னு நான்தானே சொன்னேன்" என்றாள் அக்கா.

"டைப் பண்ணினது நான்."

அஸ்ரத் சோளப்பொரியை வாயில் போட்டுக்கொண்டு, பெட்டிக்கும் ஒரு காபி கொடுக்கலாம் என்றான். அக்கா அவனைக் கண்டுகொள்ளாமல் கைபேசியை எடுத்து அத்தையை அழைத்தாள். நலம் விசாரிப்பே நெடுநேரம் நீண்டது. கடைசியில், தட்டு கழுவ வேறு ஆள் பார்த்துக்கொள்ளும்படி சொல்லிவிட்டு வைத்தாள்.

பிறகு தன் கோப்பையோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அது வேற என்னல்லாம் எழுதி வெச்சிருக்கு? காட்டு."