ஹம்சாவின் தொட்டியில் இரண்டு தங்கமீன்கள்

செருப்பைக் கழற்றும்போதே கூடத்தில் ஏதோ சரியில்லை என்று ஹம்சாவுக்குத் தெரிந்துவிட்டது. காலையில் அவள் கிளம்பும்போது பளிச்சென்றிருந்த கண்ணாடித் தொட்டி, இப்போது யாரோ காபியைக் கலந்து ஊற்றியதுபோல் பழுப்பாகக் கிடந்தது. தோள்பையை இறக்காமலே கிட்டே போனாள். கலங்கலுக்குள்ளிருந்து ஒரு தங்கமீன் வாயைத் திறந்து மூடிக்கொண்டு வெளியே வந்தது. பின்னாலேயே இன்னொன்று. அதன் வாயோரம் பச்சையாக ஒரு இழை தொங்கியது.

மூன்று மாதம் அவள் மல்லாடி வளர்த்த புல் அது.

ஹம்சா அடையாறில் ஒரு ஸ்கேன் சென்டரில் படம் பார்த்து ரிப்போர்ட் எழுதும் டாக்டர். நாளெல்லாம் இருட்டு அறையில் கறுப்பையும் சாம்பலையுமே பார்த்துவிட்டு வரும் கண்ணுக்கு, வீட்டில் கொஞ்சம் பச்சை வேண்டும் என்று தோன்றியது. ராஜா அண்ணாமலைபுரத்து ஃப்ளாட்டின் பால்கனியில் வெயிலே விழாது. அதனால்தான் விளக்குப் போட்டுத் தண்ணீருக்குள் செடி வளர்ப்பதென்று முடிவு செய்தாள். செடி மட்டும். மீன் கிடையாது.

அது லேசில் வரவில்லை. முதலில் குழாயில் வந்த போர் தண்ணீரை ஊற்றினாள். கண்ணாடியெல்லாம் வெள்ளையாக உப்புப் பூத்து, இலைகள் ஓட்டை ஓட்டையாகின. அப்புறம் சமையலறை ஃபில்டரிலிருந்து குடம் குடமாகப் பிடித்து ஊற்றினாள். கடைக்காரன் நீர்ச்செடி என்று தலையில் கட்டியதில் பாதி, பூந்தொட்டியில் வைக்கிற மண்செடி. அழுகிக் கூடமெல்லாம் நாறியது. போய்க் கேட்டால், "தண்ணில போட்டா தண்ணிச் செடிதான் மேடம்" என்றான். அவன் கழுத்தைப் பிடிக்காமல் திரும்பி வந்ததே பெரிய காரியம். அதற்கப்புறம் பாசி. தலைமுடிபோல் இழை இழையாகப் படர்ந்ததை பல் தேய்க்கிற பிரஷ்ஷால் சுற்றிச் சுற்றி எடுத்தாள். எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டு மறுபடி ஆரம்பித்து, புல்லை ஒவ்வொரு இழையாக இடுக்கியால் மண்ணில் சொருகி, போன வாரம்தான் அது தரை தெரியாமல் படர்ந்திருந்தது.

"எப்படி இருக்கு சர்ப்ரைஸ்?" என்று கேட்டுக்கொண்டே உள்ளேயிருந்து வந்தான் அவள் கணவன் ஸ்ரீநாத். முகமெல்லாம் சிரிப்பு.

"யார் இதை விட்டது?"

"ஸஹானா வந்திருந்தா. அவதான் ஆசையா வாங்கிண்டு வந்து விட்டா. இப்பத்தான் தொட்டிக்கே களை வந்திருக்கு, இல்லே?"

ஸஹானா அவன் தங்கை. ஆதம்பாக்கத்தில் இருக்கிறாள்.

"அது மண்ணைக் கிளறும். செடியைத் திங்கும். நான் எத்தனை தடவை சொல்லியிருக்கேன்! நீங்க பாத்துண்டு நின்னேளா?"

"செடிதானே, ஹம்சா. திருப்பி நட்டாப் போச்சு."

அந்த 'தானே'யில்தான் அவளுக்குத் தலைக்கேறியது. பையைச் சோபாவில் வீசினாள். சமையலறையிலிருந்து வடிதட்டையும் ஒரு பக்கெட்டையும் எடுத்து வந்து, புடவைத் தலைப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு, முழங்கை வரை கையைத் தொட்டிக்குள் விட்டாள். மீன்கள் ஓடின. அவை ஓடிய பக்கமெல்லாம் மண் புகைந்தது. வேர்விட்டிருந்த புல் பாயைச் சுருட்டியதுபோல் பெயர்ந்து மேலே மிதந்தது. அவள் நிறுத்தவில்லை. இரண்டையும் பிடித்து பக்கெட்டில் போட்டு மூடியை அழுத்தினாள்.

"எங்கே கிளம்பிட்டே?"

"உங்க தங்கையாத்துக்கு."

ஸ்ரீநாத்தின் சிரிப்பு போய்விட்டது. "வேண்டாம் ஹம்சா. நான் அவகிட்ட பேசிக்கறேன். நீ போகாதே. சொன்னாக் கேளு." வாசல்வரை பின்னாலேயே வந்தான். தங்கைக்கு மட்டும் எப்படிப் பரிந்துகொண்டு வருகிறார் பார் என்று நினைத்தபடி படியிறங்கினாள்.

ஆட்டோக்காரர் பக்கெட்டை எட்டிப் பார்த்தார். "இன்னாக்கா, மீனா கீது உள்ள? வண்டில தண்ணி சிந்தாம புட்ச்சிக்கோ."

வேளச்சேரி சாலையில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் தண்ணீர் மூடியோரம் வழிந்து அவள் மடியை நனைத்தது. என்னென்ன கேட்பது என்று வழியெல்லாம் அடுக்கிக்கொண்டே போனாள்.

ஸஹானா லேப்டாப்பில் ஒரு பெண்ணுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். மன்னியைப் பார்த்ததும் எழுந்து வந்தாள். "வாங்கோ மன்னி! பிடிச்சிருந்துதா?"

ஹம்சா பக்கெட்டைத் தரையில் டொம்மென்று வைத்தாள். "யாரைக் கேட்டு விட்டே? என் ஆத்துக்கு வந்து, நான் இல்லாதபோது, என் தொட்டியில கைய விட உனக்கு யாரு உரிமை கொடுத்தது? மூணு மாசம்டீ! உனக்கு விளையாட்டா இருக்கா?"

அவள் கத்திய கத்தலில் திரையிலிருந்த பெண் பாட்டை நிறுத்திவிட்டு விழித்தாள். ஸஹானா ஓடிப்போய் லேப்டாப்பை மூடினாள். திரும்பியபோது அவள் முகம் வெளுத்திருந்தது.

"நானா ஏன் மன்னி வாங்கப்போறேன்? அண்ணாதான் போன் பண்ணினான். உங்களுக்கு மீன்னா ஆசை, கேக்கக் கூச்சப்படறேள்னான். பெரிசா, ஆரஞ்சு கலர்ல வாங்கிண்டு வான்னு அவன்தான் சொன்னான். நீங்க ஆத்துல இல்லாத நேரமா வரச் சொன்னதும் அவன்தான்."

ஹம்சா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். போகாதே போகாதே என்று அவன் வாசல்வரை வந்தது எதற்கென்று இப்போது புரிந்தது.

"ஸாரி, ஸஹானா."

"ஸாரி இருக்கட்டும். என் ஸ்டூடண்ட் எதிர்ல இப்படிப் பேசிட்டேளே." ஸஹானாவுக்கும் கோபம்தான். ஆனாலும் பக்கெட்டை அவளே தூக்கிக்கொண்டாள். "மொட்டைமாடியில பெரிய சிமெண்ட் தொட்டி இருக்கு. இதுகள் அங்க இருக்கட்டும். அண்ணாவை நான் போன்ல நன்னா கேக்கறேன்."

"வேண்டாம். அதை நான் கேட்டுக்கறேன்."

காலி பக்கெட்டோடு திரும்பி வந்தபோது ஸ்ரீநாத் தொட்டியின் முன்னால் சட்டையெல்லாம் ஈரமாக நின்றிருந்தான். மிதந்த புல்லைக் கொத்துக்கொத்தாகப் பிடித்து, வேர் மேலும் இலை கீழுமாக மண்ணில் அமுக்கியிருந்தான்.

"எல்லாத்தையும் நட்டுட்டேன். தண்ணியும் கொறைஞ்சிருந்தது, ரொப்பிட்டேன்."

"எந்தத் தண்ணி?"

"குழாய்த் தண்ணிதான்."

ஹம்சா கண்ணை மூடித் திறந்தாள். "ஸஹானா சொல்லிட்டா."

அவன் துண்டை எடுத்துக் கையைத் துடைத்தான். துடைத்துக்கொண்டேயிருந்தான். "ஆத்துக்கு வரவா எல்லாம் மீன் எங்கே, மீன் எங்கேன்னு கேக்கறா. எனக்கு ஒரு மாதிரியா இருந்தது. நான் விட்டா நீ குதிப்பே. அவ விட்டான்னா ஒண்ணும் சொல்லமாட்டேன்னு நெனச்சேன்."

"வரவா எப்பவோ வந்து அஞ்சு நிமிஷம் பாத்துட்டுப் போறவா. தினம் பாக்கறவ நான். அது போகட்டும். எங்கிட்ட வசவு வாங்க உங்க தங்கையைப் பிடிச்சு முன்னால நிறுத்தினேளே. நான் அந்தப் பொண்ணை என்னெல்லாம் பேசிட்டு வந்திருக்கேன் தெரியுமா?"

அவன் ஈரத் துண்டை நாற்காலி முதுகில் போட்டான்.

"தொட்டி இனிமே கூடத்துல இருக்காது. உள் ரூமுக்குப் போகணும். பக்கெட்டை எடுங்கோ."

ஸ்ரீநாத் எடுத்தான். கலங்கிய தண்ணீரைக் குழாய் வைத்து உறிஞ்சி இறக்கினான். ஈர மண்ணை வாரி வாரி நிரப்பிச் சுமந்தான். கல்லையும் மரக்கட்டையையும் நெஞ்சோடு அணைத்துக் கொண்டுபோனான். ஒரு தடவை இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஹம்சா போதும் என்று சொல்லவில்லை. ஒரு கிண்ணத்தில் நல்ல தண்ணீர் எடுத்துக்கொண்டு, பிழைக்கக்கூடிய இழைகளை மட்டும் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். கைப்பிடி அளவு தேறியது.

எல்லாம் உள்ளே போனதும், அவள் விளக்கைப் போட்டு, தொட்டிமுன் முக்காலியை இழுத்துப்போட்டு, இடுக்கியை எடுத்தாள். ஸ்ரீநாத் வாசற்படியில் நின்றான்.

"நானும் உக்காந்து நடட்டுமா? எப்படின்னு சொல்லிக்குடு."

"இன்னிக்கு வேண்டாம். உங்க மூஞ்சியைப் பாத்தா எனக்கு இன்னும் கோபம் வரது. அதுக்குப் பதிலா ஸஹானாவுக்குப் போன் பண்ணி மன்னிப்புக் கேளுங்கோ. என் காதுல விழறமாதிரி பேசுங்கோ."

அவன் கூடத்துக்குப் போய் எண்ணை அழுத்தினான். மறுமுனையில் ஸஹானா எடுத்த எடுப்பிலேயே அவனைத் திட்டுவது உள்ளறை வரை கேட்டது. ஹம்சா கதவைச் சாத்தாமல், முதல் இழையை மண்ணில் சொருகினாள்.