திறந்து கிடந்த ஏழு மெஷின்கள்

ஆறு வயதில் அப்பாவின் ஸ்கூட்டரிலிருந்து ஒரு நட்டைக் கழற்றி விழுங்கிவிட்டாள். இரண்டு நாள் வீடே அவள் வயிற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மூன்றாம் நாள் அது போக வேண்டிய வழியில் போய்ச் சேர்ந்தது. அன்றைக்கு அண்ணன் வைத்த பெயர்தான் நட்டு. பள்ளிக்கூடம் மாறியது, கல்லூரி வந்தது, பெயர் மட்டும் கழலவே இல்லை.

நட்டு படித்தது மருத்துவக் கருவிப் பொறியியல். மூன்றாம் ஆண்டில் ஒரு வாய்ப்பு வந்தது. ஆப்பிரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஐந்து மாதம் படிக்கலாம். காலையில் வகுப்பு, வாரத்தில் மூன்று மதியம் அங்குள்ள அரசு ஆஸ்பத்திரியில் சம்பளமில்லாத் தொண்டு. அறிவிப்பு ஒட்டிய பசை காய்வதற்குள் விண்ணப்பம் போட்டுவிட்டாள்.

வீட்டில் முதலில் வாயைத் திறந்தது அத்தைதான். "படிக்கப் போறியா, சேவை பண்ணப் போறியாடி? ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு காலுன்னு நிக்காத."

"ரெண்டு காலும் என்னோடதுதானே அத்தை, நான் பாத்துக்கறேன்."

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அம்மா அதிகம் பேசுகிறவள் இல்லை. பெட்டியில் துணி அடுக்கும்போது ஒன்றே ஒன்று சொன்னாள். "போனா உருப்படியா ஒண்ணு செஞ்சிட்டு வா. கூட்டத்தோட நின்னு போட்டோ எடுத்துக்க இவ்வளவு தூரம் போக வேண்டாம்."

நட்டு புது ஸ்குரூடிரைவர் செட் ஒன்றை வாங்கிப் பெட்டியின் அடியில் வைத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரி வளாகத்தின் கடைசியில், சலவைக்கூடத்துக்குப் பின்னால், கருவிகள் வைக்கும் ஸ்டோர். அதன் பொறுப்பாளர் ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண்மணி. கழுத்தில் கயிறு கட்டிய மூக்குக்கண்ணாடி, இடுப்பில் சாவிக்கொத்து. நட்டுவுக்கு அவர் முதல் நாளிலிருந்தே ஸ்டோரம்மா. இருவரும் பேசிக்கொண்டது இருவருக்குமே இரவல் மொழியில். வீட்டுக்குப் போன் செய்யும்போது நட்டு அதைத் தமிழில் எப்படிச் சொன்னாளோ, அப்படியே இங்கே சொல்கிறேன்.

"எத்தனை நாள் இருப்ப?" என்று கேட்டார் ஸ்டோரம்மா.

"அஞ்சு மாசம்மா."

"போன கூட்டமும் அதேதான் சொல்லுச்சு."

கதவைத் திறந்தார். ஆனால் உள்ளே விடவில்லை. வாசலிலேயே நிறுத்தி, கையை நீட்டிக் காட்டினார். முழங்கால் உயரத்தில் ஏழு ஆக்சிஜன் மெஷின்கள் வரிசையாக நின்றன. ஒன்றுக்கும் மூடி இல்லை. வயிற்றைக் கிழித்துப் போட்ட மாதிரி ஒயரும் குழாயும் வெளியே தொங்கின. பக்கத்தில் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய ஸ்குரூக்கள், எது எதனுடையது என்று எவருக்கும் தெரியாதபடி.

"மூணு கூட்டம் வந்து போச்சு. எல்லாம் நல்ல பிள்ளைங்கதான், குறை சொல்லல. ஆசையா வந்தாங்க, ஆசையா கழட்டினாங்க, பரீட்சை வந்துச்சு, கெளம்பிட்டாங்க. கழட்ட எல்லாருக்கும் தெரியுது பொண்ணே. மாட்டத்தான் ஆளில்ல. அதனால நீ வார்டுல போய் பெட்ஷீட் மடி. சாவி கிடையாது."

நட்டுவுக்குக் காது வரைக்கும் சூடேறியது. விமானத்தில் வரும்போது அவளும் எதை எதைத் திறக்கலாம் என்றுதான் கனவு கண்டுகொண்டு வந்திருந்தாள். பையிலிருந்த புது ஸ்குரூடிரைவர் செட் முதுகில் குத்துவது போலிருந்தது.

"சரிம்மா," என்றாள். "நான் புதுசா எதையும் கழட்டல. இந்த ஏழையும் மாட்டறேன். அது முடியற வரைக்கும் வேற ஒண்ணுத்தையும் தொட மாட்டேன்."

ஸ்டோரம்மா கண்ணாடியை மூக்கில் ஏற்றி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "பேச்சு பலமாத்தான் இருக்கு. பெட்ஷீட் மடிச்சிட்டு வா, பாப்போம்."

இரண்டு வாரம் மடித்தாள். முனையோடு முனை சேர்த்து, சுருக்கமில்லாமல். மூன்றாம் வாரம் ஸ்டோரம்மா கதவை விரியத் திறந்துவிட்டு, தன் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

முதல் நான்கு மதியங்கள் ஸ்குரூ பொறுக்குவதிலேயே போயின. நீளம், தடிமன், மரை என்று பிரித்து, காலி மாத்திரைப் பெட்டிகளில் போட்டு வைத்தாள். தூசி ஏறிய வடிகட்டிகளைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயப்போட்டாள். அப்போதெல்லாம் வாசலில் ஒரு நெட்டை மனிதர் வந்து நிற்பார். இரண்டு கையும் பாக்கெட்டுக்குள் இருக்கும். ஆஸ்பத்திரியின் எலக்ட்ரீசியன். பார்ப்பார், போய்விடுவார். மேசைக்குக் கிட்டே வரவே மாட்டார்.

ஒரு நாள் நட்டு கூப்பிட்டாள். "அண்ணே, இந்த மூடியைக் கொஞ்சம் பிடிங்களேன்."

"அண்ணேன்னா என்ன?"

"எங்க ஊர்ல வேலை வாங்கறதுக்கு முன்னாடி கூப்பிடற பேரு."

அவர் சிரித்துவிட்டார். ஆனாலும் கை பாக்கெட்டை விட்டு வெளியே வரவில்லை. அவர் போன பிறகு ஸ்டோரம்மாதான் விஷயத்தைச் சொன்னார். அதே மாதிரி இன்னும் இரண்டு மெஷின் மேல் தட்டில் இருக்கிறதாம். வந்த அன்றே தொண்டு மாணவர் ஒருவர் அவசரப்பட்டுச் சுவரில் செருகியிருக்கிறார். அவை பாதி வோல்டேஜில் ஓட வேண்டியவை. உள்ளே இருந்த போர்டு புகைந்து போனது. செருகியவர் மறுவாரம் விமானம் ஏறிவிட்டார். பழி எலக்ட்ரீசியன் தலையில் விழுந்தது. பாவம் ஓரிடம், பழி ஓரிடம். அன்றிலிருந்து மனிதர் பல்பும் ஃபேனும் தவிர வேறெதையும் தொடுவதில்லை.

இரண்டாம் மாதக் கடைசியில் முதல் மெஷின் முழுசாக மூடி நின்றது. ஸ்விட்சைப் போட்டதும் உறுமிக்கொண்டு ஓடியது. நட்டுவுக்குக் கால் தரையில் பாவவில்லை. தானே அதைக் குழந்தைகள் வார்டுக்கு உருட்டிக்கொண்டு போனாள்.

அந்த வார்டில் வேலை செய்கிற மெஷின் ஒன்றே ஒன்றுதான். அதிலிருந்து போன குழாயை நான்காகப் பிரித்து நான்கு கட்டிலுக்கு விட்டிருந்தார்கள். நெஞ்சுச் சளி முற்றிய குழந்தைகள். கடைசிக் கட்டிலில் ஒரு தாய், மகளின் மூக்கிலிருந்து குழாய் நழுவாமலிருக்க அதைத் தன் விரலாலேயே பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

வார்டு சிஸ்டர் கறாரானவர். "அளந்து காட்டு," என்றார்.

பல்கலைக்கழக லேபிலிருந்து இரவல் வாங்கிய, ஆக்சிஜன் அளக்கும் கைக்கருவி நட்டுவிடம் இருந்தது. நல்ல மெஷின் என்றால் தொண்ணூறு சதவீதத்துக்கு அக்கம் பக்கம் காட்ட வேண்டும். பத்து நிமிடம் ஓடவிட்டு வைத்துப் பார்த்தாள். ஐம்பத்தெட்டு. இன்னும் பத்து நிமிடம் பொறுத்தாள். ஐம்பத்தேழு.

"காத்து எங்களுக்கு ஜன்னல் வழியா சும்மாவே வருது. அதுக்குக் கரண்ட் வேற எதுக்கு?" என்றார் சிஸ்டர். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் உறைத்தது. நட்டு மெஷினைத் திருப்பி உருட்டிக்கொண்டு வந்தாள். போகும்போது பத்தடியாகத் தெரிந்த நடைகூடம் வரும்போது ஒரு மைலாக நீண்டது.

அதே வாரம் பல்கலைக்கழகத்தில், வெளிநாட்டு மாணவர்களுக்குப் பொறுப்பான பேராசிரியர் அவளைக் கூப்பிட்டார். "தொண்டுல நீ செய்ய வேண்டிய நாப்பது மணி நேரம் என்னைக்கோ முடிஞ்சாச்சு. சர்டிபிகேட் ரெடி. சிக்னல்ஸ் பேப்பர்ல நீ ரொம்பப் பின்னாடி இருக்க. இனிமே படிப்பைப் பாரும்மா."

"சர்டிபிகேட் இருக்கட்டும் சார். வேலை முடியல."

"யார் கேக்கப் போறா?"

"ஒரு அம்மா கேப்பாங்க சார்," என்றாள் நட்டு. அவள் மனதில் வந்தது அம்மாவா, ஸ்டோரம்மாவா, கடைசிக் கட்டிலில் விரலால் குழாய் பிடித்திருந்த தாயா என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை.

மறுபடி உட்கார்ந்தாள். சோப்பு நுரையைக் குழாய் இணைப்புகளில் தடவிக் கசிவு தேடினாள், இல்லை. கம்ப்ரெசர் அழுத்தம் சரி. மிச்சம் இருந்தது மெஷினுக்குள் நிற்கும் இரண்டு உருளைகள். அவற்றுக்குள் குருணை மாதிரி வெள்ளை மணிகள் இருக்கும். காற்றில் உள்ள நைட்ரஜனைப் பிடித்து வைத்துக்கொண்டு ஆக்சிஜனை மட்டும் விடுவது அவைதான். அவற்றுக்கு ஈரம் ஆகாது. குழாயைப் பிடுங்கித் திறந்து போட்டதில் மூன்று மழைக்காலத்து ஈரம் உள்ளே இறங்கியிருந்தது. ஏழிலும் அதே கதி. எவ்வளவு ஒழுங்காக மாட்டினாலும் உள்ளே செத்தது செத்ததுதான்.

"குழாயைப் பிடுங்கினதுல ஏழுலயும் ஈரம் எறங்கிடுச்சு," என்று ஸ்குரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டு முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். அப்போது வாசலிலிருந்து குரல் வந்தது.

"மேல் தட்டுல இருக்கற ரெண்டு," என்றார் எலக்ட்ரீசியன். "அதுல புகைஞ்சது போர்டுதான். அன்னைக்கு நான் மூடியைக் கழட்டிப் பார்த்துட்டு அப்பவே மாட்டிட்டேன். குழாய் எதையும் யாரும் பிடுங்கல."

நட்டு நிமிர்ந்தாள். அதே கம்பெனி, வோல்டேஜ் மட்டும்தான் வேறு, அதே அளவு உருளை. உள்ளே ஈரம் போயிருக்காது. ஆனால் அதை எடுக்க வேண்டுமானால் அவற்றைத் திறக்க வேண்டும். தொட மாட்டேன் என்று சொன்னது அவள்தான்.

சுற்றி வளைக்காமல் ஸ்டோரம்மாவிடம் போய் நின்றாள். "அம்மா, ஏழையும் சரி பண்ணிடலாம்னு நெனச்சேன். முடியாது. அஞ்சு பொழைக்காது. ரெண்டு பொழைக்கும். அதுக்கு, மேல் தட்டுல இருக்கற ரெண்டையும் திறக்கணும். சொன்ன வார்த்தையை மீறித்தான் கேக்கறேன்."

ஸ்டோரம்மா கண்ணாடியைக் கழற்றிக் கழுத்தில் தொங்கவிட்டார். பிறகு கேட்டார். "முடியாதுன்னு இதுக்கு முன்னாடி யாரும் என்கிட்ட சொன்னதில்ல தெரியுமா? எல்லாரும் அடுத்த வாரம்னுதான் சொல்லிட்டுப் போனாங்க." எழுந்து ஏணியை இழுத்துப் போட்டார். "யார் கை வைக்கறது?"

"ஒண்ணு நான். ஒண்ணு அண்ணன்."

"நான் மாட்டேன்," என்றார் எலக்ட்ரீசியன்.

"நான் போனப்புறம் இது நின்னு போச்சுன்னா யாருண்ணே பாப்பாங்க? அடுத்த விமானத்துல வர்ற பிள்ளையா?"

பாக்கெட்டுக்குள் அவர் விரல்கள் அசைவது தெரிந்தது.

"கெட்டுப் போனா?" என்றார் கடைசியில்.

"கெட்டா நான் கெடுத்தேன்னு இப்பவே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

"கையெழுத்தெல்லாம் வேண்டாம்," என்று ஸ்டோரம்மா குறுக்கே புகுந்தார். "போன தடவை அவன் பேர் அடிபட்டப்ப நான் வாயைத் திறக்கல. இந்தத் தடவை பழி வந்தா என்கிட்ட வரட்டும்."

எலக்ட்ரீசியன் அவரைப் பார்த்தார். பிறகு இரண்டு கையையும் வெளியே எடுத்து, சட்டையில் துடைத்துக்கொண்டு, மேசைக்கு வந்தார்.

முதல் மெஷினுக்கு உருளை மாற்ற நட்டுவுக்கு ஒரு மதியம் முழுக்கப் பிடித்தது. ஒவ்வொரு குழாய் வாயையும் கழற்றிய நொடியே டேப் போட்டு மூடினாள். இரண்டாவதை எலக்ட்ரீசியன் செய்தார். நட்டு தன் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். அவர் ஒரு குழாயை மாற்றிச் செருகியபோது நாக்கு நுனி வரைக்கும் வார்த்தை வந்தது, கடித்துக்கொண்டாள். அவரே பார்த்து, அவரே கழற்றி, சரியாகச் செருகினார்.

குழந்தைகள் வார்டில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி ஓடவிட்டார்கள். பத்து நிமிடம். சிஸ்டர் அளக்கும் கருவியைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். நட்டு மாட்டியது தொண்ணூற்றொன்று. எலக்ட்ரீசியன் மாட்டியது எண்பத்தொன்பது.

"ம்," என்றார். அவ்வளவுதான். ஆனால் அடுத்த நொடி, நான்காகப் பிரிந்திருந்த குழாயைக் கழற்றத் தொடங்கிவிட்டார். கடைசிக் கட்டிலில் இப்போது வேறொரு குழந்தை, வேறொரு தாய். பழைய தாயும் மகளும் நலமாக வீட்டுக்குப் போய்விட்டார்கள் என்று சிஸ்டர் சொன்னபோதுதான் நட்டு அவ்வளவு நாளாக அதைக் கேட்கப் பயந்திருந்தது அவளுக்கே புரிந்தது.

மீதி ஐந்தையும் அவள் விடவில்லை. துடைத்து, மூடி, கடைசி ஸ்குரூ வரை மாட்டி, ஒவ்வொன்றின் மேலும் சீட்டு ஒட்டினாள்: 'ஓடாது. உருளைக்குள் மணி மாற்றினால் ஓடும்.' வேண்டிய மணிகளின் பெயரையும் அளவையும் எழுதி, ஆஸ்பத்திரித் தலைமை டாக்டரிடம் மனுவாகக் கொடுக்கச் சொல்லி ஸ்டோரம்மாவையும் எலக்ட்ரீசியனையும் இரண்டு பக்கமும் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனாள். அதற்குள் பரீட்சை வந்துவிட்டது. பஸ்ஸில் போக வரப் படித்ததை வைத்தே எழுதினாள்.

சிக்னல்ஸில் தோற்றுப் போனாள்.

ஊருக்கு வந்து, அடுத்த ஆண்டு, தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து அதை மறுபடி எழுத வேண்டியிருந்தது. "நான் அப்பவே சொன்னேன், ஆத்துல சேத்துலன்னு," என்றாள் அத்தை. அம்மா, "தோத்துப் போன பேப்பரை மறுபடி எழுதலாம்," என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினாள். ஐம்பத்து நான்கு மார்க்கில் பாஸ்.

அந்தத் தேர்வு முடிவு வந்து ஒரு மாதமிருக்கும். கல்லூரி நடைகூடத்தில் போன் அடித்தது. எலக்ட்ரீசியன்.

"அந்த வெள்ளை மணி வந்து சேர்ந்துச்சு. எட்டு மாசம் கழிச்சு! மூணாவதை நானே போட்டேன். யாரும் கூட இல்ல. எவ்வளவு காட்டுது தெரியுமா? தொண்ணூத்திமூணு. உன்னோடதை விட ரெண்டு கூட."

நட்டுவுக்கு ஒரு நொடி பொறாமையாகத்தான் இருந்தது. பிறகு பையைத் துழாவி நோட்டை எடுத்து, முழங்காலில் வைத்துக்கொண்டு, நடைகூடப் படியிலேயே உட்கார்ந்தாள்.

"எப்படிண்ணே போட்டீங்க? மொதல்ல இருந்து சொல்லுங்க," என்றாள்.