அம்சவல்லி வீட்டுக்காரர்

கல்லூரி நாட்களில் இராஜாங்கம் மேடை ஏறினால் கூட்டம் கலையாது. விவசாயக் கூலிக் குடும்பத்தில் அவன்தான் முதல் பட்டதாரி. திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் பொதுப்பணித் துறையில் கிளார்க் வேலை கிடைத்தது. அரசு ஊழியர் கட்சிக்காகப் பேசக் கூடாது, ஓட்டுக் கேட்கக் கூடாது என்று விதி. ஏழு வருஷமாக அவன் வாயைத் திறக்கவில்லை.

எழுபத்தேழாம் வருஷச் சட்டசபைத் தேர்தலில் விவசாயத் தொழிலாளர் சங்கம் தங்கையனை நிறுத்தியது. ஊர்க் கூட்டத்துக்கு வரவேண்டிய பேச்சாளர் வரவில்லை. நடவுப் பெண்கள் சேர்ந்து இராஜாங்கத்தின் மனைவி அம்சவல்லியை மேடைக்குத் தள்ளிவிட்டார்கள்.

கூட்டத்தில் நிற்கக் கூடாதென்று அவன் சைக்கிள் கடை ஓரமாக ஒதுங்கி நின்றான். உளறப் போகிறாள் என்று நினைத்தான்.

"களத்துல நமக்கு அளக்கிற மரக்கால் வேற, பண்ணைக்கு அளக்கிற மரக்கால் வேற," என்றாள் அம்சவல்லி. "அதைத் தட்டிக் கேக்க சட்டசபையில நம்மாளு ஒருத்தர் வேணாமா?"

கைத்தட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. அவனுக்கு ஒருநாளும் அப்படித் தட்டியதில்லை.

மறுநாள் டீக்கடையில் ஒருவர் பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுத்தார். "உக்காருங்க. நீங்க அம்சவல்லி வீட்டுக்காரர்தானே?"

பாதி டீயை வைத்துவிட்டு எழுந்துவிட்டான். அதற்குள் நாலு ஊரிலிருந்து அவளைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். சாயங்காலம் தலைவாரிக்கொண்டு நின்றவளைப் பார்த்ததும் அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நீ பேசினா என் வேலை போயிடும். ஊழியர் குடும்பத்துல யாரும் ஓட்டுக் கேக்கக் கூடாதுன்னு ரூல் இருக்கு."

அவள் முகம் வாடிவிட்டது. "முன்னாடியே சொல்லியிருக்கலாமே," என்றாள். கூப்பிட வந்தவர்களைத் திருப்பி அனுப்பினாள். நாலு நாள் வீட்டைவிட்டு வெளியே போகவில்லை. அந்த நாலு நாளும் அவனுக்குச் சோறு ருசித்தது.

ஐந்தாம் நாள் மத்தியானம் அவள் ஆபீசுக்கே வந்துவிட்டாள். நேராக ஹெட் கிளார்க் சேக் தாவூதின் மேசை முன்னால் போய் நின்றாள்.

"சார், அந்த ரூலைக் கொஞ்சம் படிச்சுக் காட்டுங்க. எனக்காக இவரு வேலைக்கு ஆபத்து வரக் கூடாது."

தாவூது புத்தகத்தை எடுத்து நிதானமாகப் படித்தார். "இதெல்லாம் ஊழியருக்கும்மா. அவருதான் கட்சியில சேரக் கூடாது, பிரசாரம் பண்ணக் கூடாது. அரசாங்கத்தைக் கவுக்கிற வேலையில வீட்டு ஆளுங்க இறங்கினா மட்டும் அவரு மேலிடத்துக்குத் தெரிவிக்கணும். நீங்க ஓட்டுக் கேக்கறதுக்கு ஒரு தடையும் இல்ல." பிறகு திரும்பிப் பார்த்தார். "இராஜாங்கம், போன மாசம் சர்க்குலர் போட்டப்ப நீங்கதானே இதைப் பிரதி எடுத்தீங்க?"

இராஜாங்கம் அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு அவளோடு வெளியே வந்தான்.

தண்ணீர் இன்னும் வந்து சேராத வாய்க்கால் கரையோரம் இருவரும் நடந்தார்கள். பாதி வழியில் அவள் நின்றாள்.

"தெரியாம சொன்னீங்களா, தெரிஞ்சே சொன்னீங்களா?"

"தெரிஞ்சேதான்."

அவள் விறுவிறுவென்று முன்னால் நடந்தாள். அன்று மாலையே பேசப் போய்விட்டாள். ஓட்டுப் பதிவன்று அவனை வேறு ஊரில் வாக்குச்சாவடி வேலைக்குப் போட்டார்கள். விரலில் மை வைத்துக்கொண்ட பெண்களில் இரண்டு பேர் அவளைப் பற்றித்தான் பேசிக்கொண்டு போனார்கள்.

தங்கையன் இருநூறு ஓட்டுக்குள் தோற்றார். அம்சவல்லி போகாமல்விட்ட நாலு ஊரிலும் ஓட்டுக் குறைந்திருந்தது. சேதி கேட்டதும் இராஜாங்கத்துக்கு முதலில் வந்தது நிம்மதி. அதை நினைத்து அவனுக்கே கூசியது.

சோறு போட்டுக்கொண்டிருந்தவளிடம், "அந்த நாலு நாள்..." என்று இழுத்தான்.

"ஆமா," என்றாள். "பாபநாசத்துல கூலி உயர்வு கேட்டுக் கூட்டம் போடறாங்க. என்னைக் கூப்பிட்டிருக்காங்க. போகப் போறேன்."

"போயிட்டு வா." இலையிலிருந்த சோற்றை ஒதுக்கினான். "எனக்கு இன்னமும் வயிறு எரியுது, அம்சா."

"தெரியும். மேடையில நின்னப்பவே சைக்கிள் கடைப் பக்கம் உங்க மூஞ்சியைப் பாத்தேன்." கரண்டியைக் கீழே வைத்தாள். "எரிஞ்சா எரியுதுன்னு சொல்லுங்க. சட்டத்தைக் கொண்டாந்து என் வாயை அடைக்காதீங்க."

கூட்டத்தன்று பஸ் நிற்கும் இடம்வரை அவளை அவனே சைக்கிளில் கொண்டுபோய் விட்டான். கூட வருகிறீர்களா என்று அவள் கேட்கவில்லை. அவனுக்கும் அவள் பேச்சைக் கேட்கும் தைரியம் இன்னும் வரவில்லை.