நூற்றுப்பத்து மிஷின்

ரியாத்தில் நான் வீட்டு வேலை செய்த இடத்தில் சுவருக்கு இரண்டு விதமான பிளக் இருந்தது. மிக்சி, இஸ்திரிப்பெட்டி, தையல் மிஷினுக்கெல்லாம் ஒன்று. அதை எல்லாரும் நூற்றுப்பத்து என்பார்கள். ஏசிக்கு இன்னொன்று, இருநூற்று இருபது. மாற்றிச் செருகினால் தொலைந்தோம். போன புதிதில் மேடத்தின் மிக்சியை அப்படித்தான் புகைய வைத்தேன். அன்று வாங்கிய வசவில் இந்தப் பாடம் நன்றாகவே ஏறியது. அதுவரை கரண்டு என்றால் உலகம் பூரா ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன். எங்கள் சத்தியவேடு பக்கத்தில் கரண்டு இருக்கிறதா இல்லையா என்பதுதானே பேச்சு, எத்தனை வோல்ட் என்று எவன் கேட்டான்?

இரண்டு வருஷம் கழித்து ஊர் திரும்பும்போது அதே மேடம் தன் பழைய ஓவர்லாக் மிஷினைக் கொடுத்தாள். துணியின் ஓரம் பிரியாமல் அடிக்கிற மிஷின். குழந்தையைத் தூக்கி வருகிற மாதிரி கொண்டு வந்தேன். புத்தூரில் நைட்டி தைத்து அனுப்புகிற தணிகாசலம், சொந்த மிஷின் இருந்தால் துணியை வீட்டுக்கே அனுப்புவதாகச் சொல்லியிருந்தார். திங்கட்கிழமை வந்து பார்ப்பார். மிஷின் ஓடினால் நான் ஊரோடு இருக்கலாம். ஓடாவிட்டால் மறுபடி விமானம்தான். வீடு கூரையில்லாமல் பாதியில் நிற்கிறது, என் புருஷன் கன்னையாவின் கூலி அரிசிக்கே சரியாகப் போகிறது. திருப்பதி ஏஜெண்ட் ஹரிபாபு என் பாஸ்போர்ட்டைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, "வீசா ரெடியம்மா, நீங்க ஊம் சொன்னா போதும்" என்று போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்தான்.

என்னால் போக முடியாது. நான் வந்து இறங்கிய அன்று என் மகள் ரூபா அப்பன் காலைக் கட்டிக்கொண்டு, "அந்த அக்கா யாரு நைனா?" என்று கேட்டது. கெஞ்சிக் கொஞ்சி, இப்போதுதான் என் பக்கத்தில் படுக்க ஆரம்பித்திருக்கிறது. இன்னொரு தரம் இதை விட்டுப் போனால் நான் மனுஷியாக இருக்க மாட்டேன்.

சனிக்கிழமை காலையில் திருப்பதிக்கு பஸ் ஏறினேன். நம் ஊர் இருநூற்று முப்பதை நூற்றுப்பத்தாக இறக்கிக் கொடுக்கிற பெட்டி ஒன்று வாங்க வேண்டும். கிளம்பும்போதே சொன்னேன்: "யோவ், நான் வர்ற வரைக்கும் அந்த மிஷின் மேல கைய வச்சே, நடக்கிறதே வேற!"

"நான் இன்னாத்துக்குத் தொடப்போறேன்மே? போய்ட்டு வா" என்றார் கன்னையா. முகத்தில் ஒரு கள்ளச் சிரிப்பு. அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

பெருமாளைப் பார்க்க வந்த கூட்டத்தில் இடிபட்டு, நாலு கடை ஏறி இறங்கிப் பெட்டியை வாங்கிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தபோது பிற்பகல் ஆகிவிட்டது. எங்கள் தெருமுனையிலேயே சத்தம் கேட்டது. என் மிஷினின் சத்தம்!

ஓடினேன். உள்ளே கன்னையா ராஜா மாதிரி உட்கார்ந்து ஒரு பழைய வேட்டியின் ஓரத்தை அடித்துக்கொண்டிருந்தார். ரூபா பக்கத்தில் நின்று கைதட்டியது. மிஷின் எந்தக் கோளாறும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

"பாவி மனுசா! இன்னா பண்ணிக்கினு கீறே?"

"கத்தாதமே. பக்கத்து வூட்டு டிவி ஸ்டெபிலைசர்ல பாத்தேன். பம்பு ஓடற நேரத்துல முள்ளு நூத்தி இருபதத் தாண்டல. உன் மிஷினுக்கு இன்னா வோணும்? நூத்திப்பத்து! பெட்டி எதுக்கு? நம்ம ஊரே பெட்டிதான்!"

அவர் சொன்னதும் பொய் இல்லை. எங்கள் ஊரில் வயலுக்கான மூணு ஃபேஸ் கரண்டு முறை வைத்துத்தான் வரும். ஃப்ரீ கரண்டு ஆனதிலிருந்து பம்பு ஸ்விட்சைப் போட யாரும் வயலுக்குப் போவதில்லை. கரண்டு வந்ததும் பம்பைத் தானாக ஓட வைக்கிற ஆட்டோ ஸ்டார்ட்டரை எல்லாரும் மாட்டிவிட்டார்கள். மூணு ஃபேஸ் வந்ததும் ஊர் பம்பு மொத்தமும் ஒரே நேரத்தில் இழுக்கும், வீட்டில் பல்பு சிவந்துபோய் எரியும். என்ன மூளை இந்த ஆளுக்கு என்று எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு நிமிஷம் நின்று பார்த்தேன். என் மிஷின், என் வீட்டில், என் மகள் பக்கத்தில். அந்த ஒரு நிமிஷம் நான் எங்கேயும் போக வேண்டியதில்லாமல் இருந்தேன்.

அப்போது தலைக்கு மேலிருந்த பல்பு வெளுத்தது.

வயல் பக்கம் காது கொடுத்தேன். ஒரு பம்பும் ஓடவில்லை. மூணு ஃபேஸ் நேரம் முடிந்து வீட்டுக்கான ஒற்றை ஃபேஸ் மட்டும் மிச்சம். இழுக்க ஆள் இல்லாத கரண்டு மொத்தமும் எங்கள் வீட்டுக்குள் ஏறுகிறது.

"பம்பு நின்னுடுச்சுய்யா! கால எடு!"

மிஷின் போட்ட கூச்சலில் அவருக்குக் கேட்கவில்லை. "பாருமே, இன்னா வேகம்!" என்று இன்னும் அழுத்தி மிதித்தார். கையிலிருந்த பெட்டியைப் போட்டுவிட்டுப் பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினேன். அதற்குள் மோட்டாரிலிருந்து புகை வந்துவிட்டது. வீடெல்லாம் கருகல் நாற்றம். ரூபா அழ ஆரம்பித்தது.

"உன் தலையில இடி விழ! உங்கிட்ட படிச்சிப் படிச்சி சொன்னேனேய்யா!" அடிக்கக் கையை ஓங்கிவிட்டேன்.

அவர் விலகவில்லை. "பொட்டி கெடைக்காம வந்துட்டீன்னா இன்னா பண்றதுன்னுதான்... நீ போவக்கூடாதுன்னுதான்மே செஞ்சேன்" என்றார். ஓங்கிய கையை நான் எங்கே வைப்பது?

ஞாயிற்றுக்கிழமை புத்தூரில் மோட்டார் கட்டுகிற கிருஷ்ணப்பாவிடம் தூக்கிக்கொண்டு போனோம். பிரித்துப் பார்த்துவிட்டு, உள்ளே எல்லாம் வெந்துபோச்சு, இந்தச் சாமான் இங்கே கிடைக்காது என்று கைவிரித்துவிட்டார். திங்கட்கிழமை தணிகாசலம் வந்தார். "சரி பண்ணிட்டு சொல்லியனுப்பும்மா" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுத் துணி மூட்டையோடு அடுத்த ஊருக்கு வண்டியை விட்டார்.

அன்று சாயங்காலமே ஹரிபாபுவின் போன். இந்தத் தடவை குவைத்தாம், நல்ல குடும்பமாம், ரெண்டே குழந்தைகளாம். மாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஒரு பக்கம் கன்னையா தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். என் மடியில் ரூபா.

"அங்க கரண்டு எத்தினி வோல்ட்டு?" என்று கேட்டேன்.

ஹரிபாபு சிரித்துவிட்டான். "அய்யோ ராமா, அதெல்லாம் மீக்கு எந்துக்கம்மா? உங்களுக்கு எதுக்கு?" பிறகு யாரையோ கேட்டுவிட்டுச் சொன்னான்: "இருநூத்தி நாப்பதாம். நம்ம ஊரு மாதிரியே."

போகிறேன் என்று நான் சொல்லவே இல்லை. ரூபா என்னை நிமிர்ந்து பார்த்தது. மெல்ல மடியிலிருந்து இறங்கி, நைனாவிடம் போய் உட்கார்ந்துகொண்டது.