ஜேபஸ் ஓடினாரா?

காலையிலிருந்து என் மனைவி மெர்ல் என்னோடு பேசவில்லை. தேநீர் மட்டும் வந்தது, சர்க்கரை இல்லாமல். எங்கள் குடும்ப வாழ்க்கையில் அவள் எனக்குத் தரும் அதிகபட்ச தண்டனை அதுதான். குற்றம் என்னுடையது. அவளுடைய கொள்ளுத்தாத்தா ஜேபஸைப் பற்றி அடிலெய்ட் பெருநகரத்துப் பத்திரிகை எழுதியதை நம்ப முடியாது என்று முந்தின நாள் சாப்பாட்டு மேசையில் சொல்லிவிட்டேன்.

நூற்றுச் சொச்சம் வருஷத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை மதியம், எங்கள் ஊர்த் தாமிரச் சுரங்கத்துக்குள் தண்ணீர் உடைத்துக்கொண்டு புகுந்தது. கூண்டில் ஆட்களை மேலே இழுக்கும் எந்திரத்தை ஓட்டியவர் ஜேபஸ். பாதிப் பேர் மேலே வருவதற்குள் மண் சரிந்து எந்திரக் கொட்டகையும் குழிக்குள் போய்விட்டது. ஜேபஸின் உடல் கிடைக்கவில்லை. எந்திரத்தை விட்டு ஓடியவன் கப்பலேறிவிட்டான் என்று உள்ளூர்ப் பத்திரிகை கொட்டை எழுத்தில் போட்டது. கடைசிவரை கைப்பிடியை விடாத வீரர் என்றது அடிலெய்ட் பத்திரிகை. அன்றைக்கு இரண்டுபட்ட ஊர் இன்னும் ஒட்டவில்லை. மெர்லுடைய அப்பாவைப் பள்ளிக்கூடத்தில் ஓடுகாலியின் பேரன் என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்கள்.

இப்போது செத்தவர்களுக்கு நினைவுக்கல் வைக்கப் போகிறார்கள். அதில் ஜேபஸ் பெயர் வேண்டுமா வேண்டாமா என்று வெள்ளிக்கிழமை கமிட்டி முடிவு செய்யும். அடிலெய்ட் பத்திரிகையின் பிரதியைச் சட்டம் போட்டு வைத்துக்கொண்டு அவள் காத்திருந்தாள். நான் அதில் போய்க் கை வைத்தேன்.

மதியம் அவளே ஆரம்பித்தாள்.

"அப்ப உள்ளூர்க்காரன் எழுதினதுதான் நிஜம்ங்கிற."

"அவன் சுரங்க முதலாளியோட மச்சான். யார் தலையிலயாவது பழியப் போடணும். செத்தவன் வந்து கேக்கவா போறான்?"

"அடிலெய்ட்காரனுக்கு என்ன வந்துச்சு?"

"சனிக்கிழமை ராத்திரிதான் அவங்களுக்குத் தந்தியே போயிருக்கு மெர்ல். திங்கக்கிழமை பேப்பர்ல 'நானே கண்ணால பார்த்தேன்'னு எழுதறான். அவன் எப்ப வந்தான், எப்பப் பார்த்தான்? ஞாயித்துக்கிழமை ஓய்வு நாள்னு ரயிலையே நிறுத்தி வெச்ச ஊரு இது."

"எங்க குடும்பத்துக்குக் கிடைச்ச ஒரே நல்ல வார்த்த, கிளாரி. அதையும் பிடுங்கணுமா உனக்கு?"

ஆனால் நான் வெறுங்கையோடு வரவில்லை. நூலகத்தில் எடுத்த, விபத்துக்கு அடுத்த வாரத்து இரண்டு பிரதிகளை அவள் முன்னால் வைத்தேன். ஒன்று உள்ளூர்ப் பத்திரிகை, இன்னொன்று அடிலெய்ட் பத்திரிகை. இரண்டிலும் உள்பக்கத்தில், பொடி எழுத்தில், சாவு விசாரணையில் சொன்ன சாட்சியங்கள். தலைப்பை மட்டும் படித்தே இத்தனை காலம் சண்டை போட்ட ஊர், அந்தப் பக்கத்தைப் புரட்டியதே இல்லை. திருமதி நான்கிவெல் என்ற பெண் சத்தியம் செய்து சொல்லியிருந்தாள்:

"துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். ஜேபஸ் தொப்பியில்லாமல் ஓடிவந்தார். என் வேலியைப் பிடித்துக்கொண்டு அழுதார். பிறகு சுரங்கத்தைப் பார்த்துத் திரும்ப ஓடினார். நான் கூப்பிட்டும் நிற்கவில்லை."

மெர்ல் மூக்குக்கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தாள்.

"ஒருத்தனப் பார்த்து ஒருத்தன் காப்பியடிச்சிருந்தா?"

"ரெண்டும் ஒரே நாள் காலையில வந்திருக்கு. ஓடிட்டான்னு எழுதினவனுக்கும் இது ஒத்து வராது, வீரன்னு எழுதினவனுக்கும் ஒத்து வராது. இருந்தும் போட்டிருக்காங்க. நான் நம்புறது இத மட்டும்தான்."

"ஓடித்தான் இருக்காரு."

"ஆமா."

"பயந்துட்டாரு, பாவம்." இத்தனை வருஷமும் அந்த மனிதரை அவள் மெச்சிப் பேசித்தான் கேட்டிருக்கிறேன். பாவம் என்று சொன்னது அன்றைக்குத்தான்.

நான்கிவெல் வீடு இருந்த இடத்தில் இப்போது மீன் வறுவல் கடை இருக்கிறது. வண்டியை அங்கே விடச் சொன்னாள். கடைக்காரன் பொட்டலம் கட்டும்வரை, வேலி இருந்திருக்கக்கூடிய ஓரத்தில் நின்று சுரங்க மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெள்ளிக்கிழமை என்ன சொல்லப் போற?" என்றேன்.

"ஓடினாரு, திரும்பி வந்தாருன்னு சொல்வேன். கல்லுலயும் அப்படியே வெட்டச் சொல்வேன். முடியாதுன்னா அவங்க கல்ல அவங்களே வெச்சுக்கட்டும்."

சொல்லிவிட்டுத் தெருவைக் கடந்து மேட்டை நோக்கி நடக்க ஆரம்பித்தாள். வடக்கே பாலையிலிருந்து அனல்காற்று நேராக முகத்தில் அடித்தது. வலிக்கும் முட்டியை ஒரு கையால் அழுத்திக்கொண்டு, ஏறக்குறைய ஓட்டமாகப் போனாள். சூடான பொட்டலத்தைக் கைமாற்றிக் கைமாற்றிப் பிடித்தபடி நான் பின்னால் போனேன், எட்டிப் பிடிக்க முடியவில்லை.